மரக்காணத் தாழையைக் காப்பதும் தமிழ்க் கடமையே!

தமிழைக் காப்போம் என்று முழங்குகிறவர்களுக்குச் செடிகொடிகளைப் பற்றி என்ன கவலை என்று வினவுவோர் உளர். வினவுவதில் தவறில்லை, விடை அறியாதிருப்பதே தவறு. உலகில் வேறு மக்கள் நிலத்தைத் திசையாலும் அரசனாலும் பெயரிட்டுப் பிரித்தபோது, தமிழன் பூவால் பெயரிட்டுப் பிரித்தான். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் முதற்கண் நிலைத்திணைப் பெயர்கள், பின்னரே நிலப்பெயர்கள், அதன் பின்னரே வாழ்க்கை ஒழுக்கத்தின் பெயர்கள். எனவே நிலைத்திணை அழியுமிடத்து நிலமும், நிலம் கெடுமிடத்து அதனைச் சார்ந்த சொல்லும் வாழ்வும் ஒருங்கே கெடும். நிலமும் பூவும் போனபின் எஞ்சும் சொல், அகரமுதலியில் கிடக்கும் உலர்ந்த சருகே அன்றோ?

இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணக் கடற்கரையும், அங்குள்ள தாழையுமே போதும்.

எயிற்பட்டினத்துத் தாழை

ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, பரிசில் பெற்ற பாணன் வறிய பாணனுக்கு வழி சொல்லும் நூல். அதில் கடலோர வழியைக் காட்டுமிடத்துப் புலவர் முதலில் நம் கண்முன் நிறுத்துவது தாழையையே. அதன் வெண்மடல் விரிந்த தோற்றம் அவர்க்கு அன்னப்பறவையாகத் தெரிந்தது. செருந்தியும் முண்டகமும் புன்னையும் தாழைக்குப் பின்னரே வருகின்றன. அவ்வழி சென்று சேரும் ஊர், மதிலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட பட்டினம்; அதாவது எயிற்பட்டினம். அதனை இன்றைய மரக்காணம் என்று அறிஞர் கொள்வர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கக் கடலோடி ஒருவன் எழுதிய செலவுநூலாகிய பெரிப்புளூசு, சோபட்மா என்றொரு துறையைக் குறிக்கின்றது. அதனையும் இவ்வூரோடு பொருத்துவர். சோ என்றாலும் எயில் என்றாலும் மதிலே என்பதைத் தமிழறிந்தார் அறிவர்.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு புலவன் ஓர் ஊருக்கு வழி சொல்லும்போது அடையாளமாகக் காட்டிய செடி, இன்று அவ்வூருக்குச் செல்வார் எத்துணைப் பேர்க்கு அடையாளமாக இருக்கின்றது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் ஊர்திகளிலிருந்து காண்பார்க்கு வெண்ணிறப் பாத்திகளும் உப்புக் குவியல்களும் தெரியும். சவுக்குத் தோப்புகள் தெரியும். மனைப் பிரிவுகளின் விளம்பரப் பலகைகள் தெரியும். தாழையைக் காண வேண்டுமாயின் இறங்கி நடந்து, கழிக்கரையிலும் கால்வாய்க் கரையிலும் தேட வேண்டும்.

பெயரும் பிறப்பும்

தாழைக்குக் கைதை என்றும் பெயர். குறிஞ்சிப்பாட்டின் பூவடுக்கில் கைதையும் உண்டு. மலையாளத்தில் இன்றும் அது கைதவே. புதிதாக வந்த அன்னாசியை அம்மக்கள் கைதச்சக்கை என்றனர். தாழையின் கனி அன்னாசியை ஒத்திருப்பதைக் கண்டு வைத்த பெயர் அது. கேதகை என்றும் கேதகி என்றும் வடமொழியில் வழங்குவன இக்கைதையின் திரிபே என்பது எம் கருத்து. கடலோரத்து வாழ்ந்தவன்தானே கடலோரத்துச் செடிக்கு முதலிற் பெயரிட்டிருப்பான்?

கடலூரை அடுத்தும் தாழங்குடா உண்டு. ஈழத்து மட்டக்களப்பை அடுத்தும் தாழங்குடா உண்டு. தாழம்பூ, தாழம்பாய், தாழம்மடல், தாழங்குடை எனச் சொற்கள் பல. தமிழ்ப் பெண் தன் சடையில் தைத்துக்கொண்ட இப்பூவைப் புராணக்காரன் பொய்ச்சான்று சொன்ன பூவென்று பழித்து, சிவன் வழிபாட்டுக்கு ஆகாதெனத் தள்ளிவைத்த கதையையும் நாம் அறிவோம். மணல்மேட்டில் வேலியாய் நின்று ஊரைக் காத்த செடிக்குக் கிடைத்த பரிசு அது! பூ பொய் சொல்லாது. கதை கட்டுவோரே பொய் சொல்வர்.

இனி அதன் இயல்பைக் காண்போம். தாழை ஒருவித்திலை நிலைத்திணை. அதன் நீண்ட இலைகள் திருகுச் சுழலாக அடுக்கப்பட்டு, விளிம்பெல்லாம் முள் கொண்டு நிற்கும். அடிமரத்தினின்று புறப்படும் தாங்குவேர்கள் மணலுள் ஊன்றி, காற்றுக்கும் அலைக்கும் மரம் சாயாதவாறு முட்டுக்கொடுக்கும். அடும்பு மணலைப் படர்ந்து பிடிக்கும். அதன் பின்னே தாழை நின்று மேட்டை நிலைப்படுத்தும். அதன் பின்னே புன்னை முதலியன வளரும். கடற்கரையை இயற்கை கட்டிய முறை அது.

இவற்றினும் தலையாய உண்மை ஒன்றுண்டு. தாழையில் ஆண் வேறு, பெண் வேறு. நாம் தாழம்பூ என்று போற்றும் மணமிகு வெண்மடற்கொத்து ஆண் மரத்தில் மட்டுமே தோன்றும். பெண் மரத்தின் பூவுக்கு அம்மணம் இல்லை. ஆனால் கனி தருவது பெண்ணே. முற்றிச் சிவந்த கனியின் துண்டங்கள் நாரால் மூடப்பெற்று நீரில் மிதக்கும் இயல்பின. அலை அவற்றை ஒரு கரையினின்று மற்றொரு கரைக்குக் கொண்டு சேர்க்கும். காற்று பூந்தாதைக் கொண்டு செல்ல, கடல் விதையைக் கொண்டு செல்ல, ஓரூர்த் தாழை வேற்றூர்த் தாழையோடு உறவு கொள்ளும்.

வகைமையே வாழ்வு

உயிர்களின் பண்புகளைத் தலைமுறை தலைமுறையாய்க் கடத்தும் கூற்றை ஏடுகள் மரபணு என்று எழுதும். நாம் மரபீனி என்போம். விதையிற் பிறக்கும் கன்று தாயின் மரபீனிகளும் தந்தையின் மரபீனிகளும் கலந்து பிறக்கின்றது. அதனால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஒன்று மிகுந்த உவர்ப்பைத் தாங்கும். ஒன்று நெடுங்கோடையைத் தாங்கும். ஒன்று பூச்சிக்கு இடங்கொடாது. ஒன்றின் மடல் பிறவற்றினும் மணக்கும். இவ்வேற்றுமைத் தொகுதியே மரபீனிப் பல்வகைமை. மாறாக, ஒரு மரத்தின் பக்கக்கன்றையோ தண்டுத் துண்டையோ எடுத்து நட்டால் பிறப்பது புதிய உயிர் அன்று. பழைய மரத்தின் படியே. ஆயிரம் நட்டாலும் அவை ஆயிரம் மரமல்ல. ஒரே மரம் ஆயிரம் இடத்தில் நிற்கின்றது, அவ்வளவே.

எண்ணிக்கையைக் கண்டு மயங்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. தாழை உலகளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் அன்று. இந்தியப் பெருங்கடல் தொட்டு அமைதிப் பெருங்கடல் வரை அதன் உறவினம் பரந்துள்ளது. ஆயினும், மலேயாக் கரையில் தாழை செழிப்பாக நிற்பதனால் மரக்காணத்துத் தாழை காக்கப்பட்டதாகுமா? இவ்வுவர்க்கழிக்கும் இக்காற்றுக்கும் இம்மழைக்கும் பன்னூறு தலைமுறை பழகிப் பண்பட்ட கால்வழி ஈங்குள்ளதே. அது போனால், வேற்றுநாட்டுக் கன்று அதனை ஈடுசெய்யாது.

மொழிக்கும் ஈதே நெறி. தேவநேயப் பாவாணர் சென்னைப் பல்கலைக்கழக அகரமுதலியைக் கண்டித்தபோது, உழவனும் மீனவனும் கைவினைஞனும் வழங்கும் உலகவழக்குச் சொற்கள் ஏராளம் விடுபட்டதை ஒரு பெருங்குறையாகக் காட்டினார். நூல்மொழி மட்டும் போதும், வட்டாரச் சொற்கள் வேண்டா என்பவன் வேர்ச்சொற்களின் ஊற்றையே தூர்க்கின்றான். ஒரே கன்றை ஊரெங்கும் நட்டு, தாழையைக் காத்துவிட்டோம் என்பவனும் அவனைப் போன்றவனே.

பிறர் பட்டறிவு

இஃது அச்சத்தால் எழுதும் கற்பனை அன்று. கண்முன் சான்றுகள் உள.

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டம் 1936 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த நிலப்பகுதி. அங்கே தாழம்பூவினின்று நறுநெய்யும் மணநீரும் வடிப்பது ஊர்தோறும் நடைபெறும் பெருந்தொழில். பூவுக்கே விலை ஆதலின் ஆண் மரங்களையே மக்கள் விரும்பிக் கன்றாலும் துண்டாலும் பெருக்குகின்றனர். தொழில் வளர்ந்தது; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உண்கின்றன; அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும், பெண்ணின்றிக் கனியில்லை, கனியின்றி விதையில்லை, விதையின்றிப் புதுப்பிறப்பில்லை. மணத்தையே நாடி ஆணையே பெருக்கும் நெறி, நெடுநாளில் இனத்தின் வகைமையைச் சுருக்கும் என்பது தெளிவு.

அந்நெறி இறுதியில் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதைத் தாழையின் உடன்பிறப்பாகிய இரம்பையே காட்டுகின்றது. ஈழத்துத் தமிழர் கறிக்கு மணமூட்டச் சேர்க்கும் இலை அது. தென்கிழக்காசிய நாடுகளில் சோற்றுக்கும் பண்ணியத்துக்கும் இன்றியமையாதது. மாந்தன் நட்டுப் பேணினால் மட்டுமே அது வாழ்கின்றது. அதன் ஆண்பூவே மொலுக்கத் தீவுகள் போன்ற இடங்களில் அரிதாகக் காணப்பட்டது. பெண்பூவை நிலைத்திணை நூலார் கண்டு எழுதியதே இல்லை. காட்டிற் பிறந்த செடி, காட்டை அறவே மறந்து, அடுக்களைப் புறத்தில் வாழும் அடிமையாயிற்று. மாந்தன் கைவிட்ட அன்று அதற்கு வாழ்வில்லை.

மற்றொரு சான்று வெட்டிவேர். பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் அப்புல்லுக்கு வேறு பெயர் காணாது நம் சொல்லையே தம் மொழிகளில் எடுத்துக்கொண்டனர். மண்ணரிப்பைத் தடுக்க உலகெங்கும் அதனை நட்டனர். 1990களின் இறுதியில் ஆய்வாளர், தெற்காசியாவுக்கு வெளியே 29 நாடுகளிலிருந்து வந்த 60 செடிக்கூறுகளின் மரபீனி அடையாளத்தை ஒப்பிட்டனர். 53 கூறுகள் ஒரே தாயின் படிகளாக இருந்தன! அவ்வொரு கால்வழியை வீழ்த்தும் நோய் ஒன்று தோன்றுமாயின், நாடு நாடாகப் புல்வேலி சாயும். அந்நிலையில் உலகம் எங்கே வந்து கையேந்தும்? காட்டு வெட்டிவேர் விதை ஈன்று இன்னும் வாழ்கின்ற இந்நிலப்பரப்புக்கே வந்தாக வேண்டும். பிறந்தகத்தில் வகைமையைக் காப்பது உலகுக்குச் செய்யும் தொண்டுமாகும்.

அயர்லாந்தின் வரலாறு தேசிய இன உரிமை பேசுவோர் அனைவர்க்கும் தெரிந்ததே. 1845-இல் உருளைக்கிழங்கைத் தாக்கிய நோய், ஏழைகள் பெரிதும் ஒரே வகைக் கிழங்கையே பயிரிட்டிருந்தமையால் நாடெங்கும் பரவிற்று. அயலாட்சியின் கல்நெஞ்சும் அதனோடு சேர்ந்தது. ஏறத்தாழ 10 இலக்கம் மக்கள் மடிந்தனர். மேலும் பல இலக்கம் பேர் கடல் கடந்தனர். ஐரிசு மொழி பேசிய மேலைப்பகுதியே மிகுதியும் வெறுமையாயிற்று. பயிரின் வகைமை குன்றியது ஒரு மொழியின் வாழ்வையும் குன்றச் செய்தது. மொழிக்கும் செடிக்கும் என்ன உறவு என்று வினவியோர்க்கு இஃதொரு விடை.

மரக்காணத்தில் நடப்பது என்ன?

மரக்காணம் வெறும் உப்பளவூர் அன்று. கழுவெளி என்னும் பெருஞ்சதுப்புநிலம் அதனருகே கடலைத் தொடுகின்றது. ஆந்திரத்தினின்று வரும் பக்கிங்காம் கால்வாய் அங்கே முடிகின்றது. வறள்நிலப் பசுமைக்காட்டின் எச்சங்கள் சுற்றுப்புறத்தே உள. உவர்நீர், நன்னீர், மணல்மேடு, காடு ஆகிய நான்கும் சில கல் தொலைவுக்குள் அமைந்த அரிய இடம் அது. 2021-இல் தமிழ்நாட்டரசு வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 எக்டேர் பரப்பைக் கழுவெளிப் பறவைப் புகலிடமாக அறிவித்தது. பாராட்டத்தக்க செயல். ஆனால் பறவைக்குக் கிடைத்த காப்பு, கடலோர மணல்மேட்டுச் செடிகளுக்கு அவ்வாறே கிடைத்ததாகக் கொள்ள இயலாது.

2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து சென்றபின், கரையைக் காக்கும் பசுமை வேலி என்று தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுகச் சவுக்கே பெரிதும் நடப்பட்டது. சவுக்கின்மேல் நமக்குப் பகையில்லை. அது உழவனுக்கு வருவாய் தருகின்றது, விறகாகின்றது, கட்டுமானத்துக்குக் காலாகின்றது. தோட்டத்தில் அது நிற்கட்டும். ஆனால் ஆத்திரேலியாவும் தென்கிழக்காசியாவும் தாயகமாகக் கொண்ட அம்மரத்தை மணல்மேட்டில் நெருக்கி நட்டால், உதிரும் சருகு தடித்த பாயாகப் படிந்து, கீழே அடும்பும் தாழைக்கன்றும் எழவொட்டாது தடுக்கும். வேலி என்னும் பெயரால் இயற்கை வைத்த வேலி பிடுங்கப்பட்டது.

கரையோர விடுதிகளுக்கும் மனைகளுக்கும் முட்புதர் இடையூறாகத் தெரிகின்றது. பொறி கொண்டு அகழ்ந்து எறிகின்றனர். கழியோரத்து இறாற்பண்ணைகளின் கரைகட்டுக்கும் புதர் இரையாகின்றது. தாழம்பாய் முடைந்த கைகளும் நெகிழிப்பாய் வந்தபின் ஓய்ந்தன. பாய்க்காக இலையறுத்தவர் மரத்தைக் காத்தனர். பயனற்றதென எண்ணுகிறவர் வேரோடு களைகின்றனர். ஒரு செடியை மக்கள் பயன்கொள்வதும் அதற்கொரு காப்பே என்பதைக் காட்டுத்துறையார் மறத்தல் கூடாது.

இவ்வாறு புதர்கள் துண்டு துண்டாகும்போது நேரும் தீங்கு எண்ணிக்கைக் குறைவோடு நிற்பதில்லை. ஓரிடத்தில் ஆண் மட்டும் எஞ்சும். மற்றோரிடத்தில் பெண் மட்டும் எஞ்சும். பூந்தாது எட்டாத் தொலைவில் இரண்டும் தனித்து நிற்கும். காண்பவன் தாழை இருக்கின்றதே என்பான். கால்வழி அற்றுப்போயிருக்கும்!

செய்யத்தக்கன

குறை கூறி அமைவது எம் வழக்கமன்று. செய்யத்தக்கனவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும். அக்குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுதல் வேண்டும். மரக்காண வட்டத்துக் கடலோர ஊராட்சிகள் அப்பதிவேட்டில் தாழைப் புதர்களை இடந்தோறும் குறித்து, ஆண் எத்தனை, பெண் எத்தனை, பூக்குங்காலம் எது, மணம் மிக்க மரம் எது என்று எழுத வேண்டும். உப்பளத் தொழிலாளரும் மீனவரும் சொல்லும் பெயர்களையும் அவ்வவ்வாறே எழுத வேண்டும். அவ்வேடு ஒரே நேரத்தில் செடிக்கும் சொல்லுக்கும் காப்பாகும்.

இரண்டாவது, நடும் முறை. நெய்தல் மீட்சி என்னும் அழகிய தமிழ்ப்பெயரால் அரசு கடற்கரை மீட்புத் திட்டம் அறிவித்துள்ளது. பெயரில் நெய்தல் இருந்தால் போதாது. நாற்றங்காலில் நெய்தல் இருத்தல் வேண்டும். தாழையை நடுங்கால் ஒரே பண்ணையினின்று கன்றுகளை வாங்கி வந்து நிரப்பலாகாது. மரக்காணம் முதல் கடலூர் வரை பல ஊர்ப் பெண் மரங்களின் கனிகளைத் திரட்டி, விதையினின்று கன்று எழுப்பி, எந்தக் கன்று எந்த ஊர்த் தாயினது என்று எழுதிவைத்து, கலந்து நடுதல் வேண்டும். கன்று பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று அறிய இயலாது; எனவே பின்னர் மணமில்லாத மரமென்று பெண்ணை வெட்டி எறியாத அறிவும் வேண்டும்.

மூன்றாவது, இடக்காப்பு. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளை மிகுந்த காப்புக்குரிய முதல் வகைப் பகுதியில் வைத்துள்ளது. எழுத்தில் உள்ள காப்பு மண்ணில் உண்டா என்பதை உள்ளூர்த் தமிழன்பர்களே கண்காணித்தல் வேண்டும். மேட்டை உடைக்கும் பொறியைக் கண்டால் மாவட்ட ஆட்சியர்க்குத் திருமுகம் எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள், விடையையும் தமிழில் கேளுங்கள்.

நான்காவது, பயன். கஞ்சத்து மக்கள் பூவைப் பொன்னாக்கியதைப்போல் நம் கடலோரப் பெண்டிர் குழுக்களும் தாழம்பூ வடிப்பையும் தாழம்பாய் முடைதலையும் தொழிலாகக் கொள்ளலாம். ஆனால் அவர் பட்டறிவினின்று பாடம் கற்று, நாலைந்து ஆண் மரத்துக்கு ஒரு பெண் மரமேனும் ஊர்க்காப்பில் நிற்க வழி செய்தல் வேண்டும்.

தமிழன்பர்களே! தனித்தமிழ் இயக்கம் சொல்லைத் தூய்மை செய்யும் இயக்கம் மட்டுமன்று. சொல்லின் பொருளை நிலத்தில் நிறுத்தும் இயக்கமுமாகும். பெண்மகவுக்குத் தாழைமலர் என்று பெயர் சூட்டி மகிழும் நாம், அம்மகவு வளர்ந்து, அப்பா, தாழை எங்கே இருக்கின்றது என்று கேட்டால், நூலை விரித்தா காட்டப்போகின்றோம்? வருகின்ற மழைக்காலத்தில், கடலோரத்து வாழும் ஒவ்வோர் அன்பரும் தம்மூர்ப் புதர்களைத் தேடிச் சென்று, பெண் மரத்தின் முற்றிய கனியொன்றை எடுத்து, காப்பான மேட்டில் ஊன்றுக. பிறவூரில் வாழ்வோர் அவர்க்குத் துணை நிற்க. எயிற்பட்டினத்துக்கு வழி சொல்ல நத்தத்தனார்க்குத் தாழை இருந்தது. நமக்குப்பின் வருவோர்க்கும் அஃது இருத்தல் வேண்டும்.